சாவியைத் திருப்புவது கடைசி வேலை

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி. நள்ளிரவு கடந்ததும் உட்லண்ட்ஸுக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடையிலான கடற்பாலத்தில் சொந்த கார்களும் மோட்டார்சைக்கிள்களும் மீண்டும் ஓடத் தொடங்கின. மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18ஆம் தேதி நடப்புக்கு வந்தபோது அடைபட்ட பாதை அது. 2021 நவம்பர் 29 முதல் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் சிறப்புப் பேருந்துகளில் போய்வர வழி பிறந்தது. ஆனால் சொந்த வண்டியில் கடக்க இரண்டு ஆண்டுகளும் இரண்டு வாரங்களும் காத்திருக்க வேண்டியிருந்தது.

கொவிட்-19க்கு முன்பு ஏறத்தாழ 300,000 மலேசியர்கள் நாள்தோறும் வேலைக்காக இப்பக்கம் வந்து திரும்பினர். ஆணை முதலில் இரண்டு வாரங்களுக்குத்தான் அறிவிக்கப்பட்டது. மாத இறுதியில் வீடு திரும்பிவிடலாம் என்று நினைத்து, வீட்டு வாசலிலும் கட்டணக் கார் நிறுத்துமிடத்திலும் வண்டியை விட்டுவிட்டு ஒரே ஒரு பையுடன் வந்தவர்கள் பலர். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கார்களின் முன் நின்றபோது கையில் சாவி இருந்தது. மனத்தில் ஒரே கேள்வி இருந்தது. திருப்பினால் ஓடுமா?

அந்தக் கேள்வியில்தான் ஆபத்து இருக்கிறது. நீண்ட காலம் நின்ற காரிடம் முதலில் கேட்க வேண்டியது ‘ஓடுமா’ என்பதன்று. ‘தீப்பிடிக்காமல் இருக்குமா, ஓடினால் நிற்குமா’ என்பதே. சாவியைத் திருப்புவது இந்த வேலையின் தொடக்கமில்லை. அது ஏறக்குறைய கடைசிக் கட்டம்.

நின்றாலும் கடிகாரம் ஓடும்

சிங்கப்பூரில் ஒரு காரைச் சும்மா நிறுத்திவைப்பது செலவுமிக்க காரியம். 1990ல் அறிமுகமான வாகன உரிமைச் சான்றிதழின் பத்தாண்டுக் கணக்கு, கார் ஓடினாலும் நின்றாலும் ஒரே வேகத்தில் கரைகிறது. அதனால் ஆண்டுக்கணக்கில் தூசி படிந்து நிற்கும் கார்களை இங்கே எளிதில் பார்க்க முடியாது.

ஆனாலும் இந்தச் சிக்கல் நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. அப்பாவுக்கு உடல்நலம் குன்றியதும் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் ஐந்தாம் தளத்தில் அவருடைய கார் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். வெளிநாட்டு வேலைக்குப் போன மகனின் கார் நிற்கும். குறைந்தது 35 ஆண்டு பழைமையான கார்களுக்கான சிறப்புத் திட்டத்தில், ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே ஓட்டலாம். மற்ற நாள்களில் அவை கொட்டகையில்தான். ஜோகூரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அங்கே ஒரு வண்டி இருக்கும். தமிழ்நாட்டில் சொந்த வீடு உள்ளவர்களுக்கோ தாத்தாவின் அம்பாசடரோ, அப்பா வாங்கிய முதல் மாருதி 800ஓ திண்ணையோரம் காத்திருக்கும். இவ்விரண்டு கார்களின் தயாரிப்பும் 2014லேயே நின்றுவிட்டது. அதனால் அவற்றின் மீது பிள்ளைகளுக்கு இப்போது கூடுதல் பாசம்.

பாசம் இருக்கலாம். அவசரம்தான் கூடாது.

மூக்கும் கண்ணும் முதலில்

கார்க் கதவைத் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, பட்டறைக்காரரை அழைத்துவிடுங்கள். நம் வெப்பத்தில் ரப்பர் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். தற்காலக் கார்களில் பெட்ரோல் மிகுந்த அழுத்தத்தில் பாய்கிறது. வெடித்த குழாயிலிருந்து பீய்ச்சும் பெட்ரோல் சூடான இன்ஜின் மீது பட்டால் தீப்பிடிக்கும்.

அடுத்து, காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். தரையில் உள்ள கறையின் நிறம் கதை சொல்லும். கறுப்பு அல்லது பழுப்பு என்றால் இன்ஜின் எண்ணெய். பச்சை, இளஞ்சிவப்பு போன்ற நிறங்களில் பிசுபிசுப்பாக இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட். சக்கரத்தின் உட்புறத்தில் ஈரக்கசிவு தெரிந்தால் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம்.

பிறகு பானெட்டைத் திறங்கள். எலி இருந்த தடயத்தைத் தேடுங்கள். காய்ந்த இலை, கிழிந்த பஞ்சு, எச்சம், கடித்த வயர் ஆகியவையே அடையாளம். காற்று வடிகட்டிப் பெட்டி எலிக்குப் பிடித்த இடம். அதைத் திறந்து பார்க்காமல் இன்ஜினை இயக்கினால் கூட்டிலுள்ள குப்பை உள்ளே இழுக்கப்படலாம். தோல் உரிந்த வயர் உரசினால் தீப்பொறி எழும். எலி எச்சத்தைக் காய்ந்த நிலையில் கூட்டித் தள்ளக்கூடாது. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கிருமிநாசினி தெளித்து நனைத்த பிறகே துடைத்தெடுக்க வேண்டும். எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை.

நின்ற பெட்ரோலும் வற்றிய எண்ணெயும்

பெட்ரோல் ஊறுகாய் அல்ல, நாளாக நாளாகச் சுவை கூடுவதற்கு. சில மாதங்களிலேயே அதன் எளிதில் ஆவியாகும் பகுதி குறையத் தொடங்கும். ஆண்டுகள் கடந்தால் வார்னிஷ் போன்ற பிசின் படிந்து இன்ஜெக்டர்களையும் கார்புரேட்டரையும் அடைக்கும். நல்ல பெட்ரோலின் காரமான வாடைக்குப் பதில் புளித்த வாடை வந்தால், புதிய பெட்ரோலைக் கலந்து சமாளிக்க முயல வேண்டாம். தொட்டியைக் காலி செய்து, வடிகட்டியை மாற்றி, புதிதாக நிரப்ப வேண்டும்.

ஊரில் நிற்கும் காருக்கு இன்னொரு கவனம் தேவை. இந்தியாவில் இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதை மனத்தில் வைத்துச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் பதம் பார்க்கும். தாத்தாவின் காருக்குப் புதிய பெட்ரோல் ஊற்றுமுன் குழாய்களை மாற்றிவிடுவது நல்லது.

தொட்டியைக் காலி செய்யும் வேலையை வாளியும் குழாயும் வைத்து வீட்டில் செய்யாதீர்கள். வீவக கார் நிறுத்துமிடம் பட்டறை அல்ல. பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவதும் குற்றம். லிட்டில் இந்தியாவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாய் மரினா நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. அது நாம் குடிக்கும் தண்ணீர்.

இன்ஜின் எண்ணெயின் கதை வேறு. கார் ஓடும்போது அது எல்லா உலோகப் பாகங்களின் மீதும் மெல்லிய படலமாகப் பரவி உராய்வைத் தடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் நின்றால் அந்தப் படலம் வழிந்து அடியில் தேங்கிவிடும். மேலே சிலிண்டர் சுவர்கள் வறண்டு துருவும் பிடிக்கலாம். அந்த நிலையில் சாவியைத் திருப்பினால் உலோகம் உலோகத்தை அறுக்கும்.

எண்ணெய் அளவுகோலை உருவிப் பாருங்கள். பால் கலந்த காப்பி போலிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, இயக்கவே கூடாது. நிறம் சரியாக இருந்தாலும் எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் மாற்றிவிடுவதே முறை. பிறகு பட்டறைக்காரர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, சில மணி நேரம் ஊறவைப்பார். அடுத்து ஸ்பேனரால் இன்ஜினை அது சுழலும் திசையில் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். தடங்கல் இல்லாமல் சுழன்றால் பாதி நிம்மதி. சிக்கிக்கொண்டால் பலம் காட்டாமல் காரணம் தேடுவார்.

‘கார் அதிகம் ஓடவே இல்லையே, டைமிங் பெல்ட் ஏன் மாற்ற வேண்டும்’ என்று சிலர் கேட்பதுண்டு. ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வயதும் கணக்கு. பல இன்ஜின்களில் அந்தப் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். ஒரு பெல்ட்டின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் இன்ஜினையே இழக்க நேரும். கூலண்டையும் அதன் குழாய்களையும் இதோடு பார்த்துவிட வேண்டும்.

ஐந்தாம் தளத்திலிருந்து இறங்க வேண்டுமே

பலரும் மறப்பது இதைத்தான். இன்ஜின் உறுமியவுடன் கார் தயார் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் காருக்கு முதல் பயணமே சரிவுப்பாதைதான். சமதளத்தில் மெல்ல ஓட்டிப் பார்க்க வாய்ப்பே இல்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று தெரியும் இடம், திருப்பத்தில் யாரோ பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவரும் இடமாக இருக்கலாம்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நம் ஊரின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 4 வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது சூடேறி அது கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் உண்டாகும். மிதித்தால் மிதி தரையைத் தொடும், கார் நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றும்படி பல தயாரிப்பாளர்கள் சொல்வது இதனால்தான். நின்ற காருக்கும் இது பொருந்தும்.

இன்ஜினை இயக்காமலேயே ஒரு சோதனை செய்யலாம். பிரேக்கை நான்கைந்து முறை மிதியுங்கள். மிதி இறுக வேண்டும். அப்படியே அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிகிறது. பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் கார் ஓட்டக்கூடிய நிலையில் இல்லை.

பிரேக் வட்டுகளின் மேல் படியும் மெல்லிய துரு முதல் சில மிதியில் தேய்ந்து போய்விடும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கை பிரேக் போட்டபடியே ஆண்டுக்கணக்கில் நின்ற காரில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கை பிரேக்கை விடுவித்த பிறகும் சக்கரம் உருளவில்லை என்றால் ஆக்சிலேட்டரை அழுத்தி இழுக்கப் பார்க்காதீர்கள்.

டயரில் காற்று அடித்தால் போதும் என்பதும் தவறான எண்ணம். பக்கவாட்டில் ‘டிஓடி’ என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து ஆண்டைத் தாண்டிய டயரை மாற்றிவிடும்படி பல தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகிறார்கள். பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால் பத்து ஆண்டுவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரே இடத்தில் நின்றதால் அடிப்பாகம் தட்டையாகிப் போன டயர், விரைவுச்சாலை வேகத்தில் காரையே உதறும்.

இவற்றில் ஏதேனும் ஒன்றில் சந்தேகம் இருந்தாலும் இழுவை வண்டியைக் கூப்பிடுவது கௌரவக் குறைச்சல் இல்லை. 1907ல் தொடங்கிய சிங்கப்பூர் வாகனச் சங்கம் உட்படப் பலரும் இந்தச் சேவையை வழங்குகிறார்கள். கூரை தாழ்ந்த பலமாடி நிறுத்துமிடம் என்பதையும், கார் தானியங்கி கியர் கொண்டதா என்பதையும், சக்கரம் உருள்கிறதா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற வண்டி வரும்.

பேட்டரிக்கு உயிர் கொடுப்பதா?

நின்ற காரில் முதலில் சாவது பேட்டரிதான். அலாரமும் கடிகாரமும் காருக்குள் சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். முழுதாக மின்னேற்றிய பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே இறங்கி மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே சல்பேட் படிந்து, பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய வலு திரும்பாது. ஆண்டுக்கணக்கில் செத்துக் கிடந்ததை மாற்றிவிடுவதே மலிவான வழி.

குறுகிய காலம் நின்ற காருக்கு வேறொரு காரிலிருந்து மின்சாரம் கொடுத்து இயக்கலாம். அதற்கும் முறை உண்டு. சிவப்பு வயரை முதலில் செத்த பேட்டரியின் கூட்டல் முனையிலும், பிறகு நல்ல பேட்டரியின் கூட்டல் முனையிலும் மாட்டுங்கள். கறுப்பு வயரை நல்ல பேட்டரியின் கழித்தல் முனையில் மாட்டுங்கள். அதன் மறுமுனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி இன்ஜினின் உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அதன் அருகே தீப்பொறி எழக்கூடாது. உப்பிய, விரிசல் விட்ட, கசியும் பேட்டரிக்கு இந்த வைத்தியம் கூடவே கூடாது.

ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. ஆரஞ்சு நிறக் கேபிள்களில் உயர் மின்னழுத்தம் ஓடுகிறது, அவற்றைத் தொடாதீர்கள். கார் ‘ரெடி’ நிலையில் இருக்கும்போது சத்தமே இல்லாமல் நின்றாலும் இன்ஜின் எந்த நொடியிலும் தானாகவே இயங்கும். பானெட்டுக்குள் கை வைக்குமுன் முற்றாக அணைத்துவிடுங்கள்.

இப்போது சாவி

எல்லாம் முடிந்ததா? காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய கொட்டகையிலோ அடித்தள நிறுத்துமிடத்திலோ வேண்டாம். இன்ஜின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாடையுமில்லை. கைக்கெட்டும் தூரத்தில் தூள் வகைத் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். பானெட்டைத் தட்டி, பூனை எதுவும் உறங்கவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

சாவியை முழுவதும் திருப்பாமல் ‘ஆன்’ நிலையில் நிறுத்துங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பம்ப் சில வினாடி முனகி அடங்கும். இப்போது இறங்கி வந்து மீண்டும் முகர்ந்து பாருங்கள். குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு ஐந்து வினாடி வீதம் இரண்டு மூன்று முறை சுழலவிட்டால், தீ மூளாமலே புதிய எண்ணெய் மேலேறும். பிறகு ஃபியூஸை மாட்டி, சாவியைத் திருப்பலாம்.

எண்ணெய் அழுத்த விளக்கு சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். முதல் சில நொடி ‘டக் டக்’ ஓசை வருவது இயல்பு, தொடர்ந்தால் இயல்பல்ல. சிலிண்டரில் விட்ட எண்ணெய் எரிவதால் சிறிது நேரம் நீலப் புகை வரும். அது அடங்காவிட்டாலோ, வெண்புகை இனிய மணத்துடன் நீடித்தாலோ மருத்துவர் தேவை, அதாவது மெக்கானிக். வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். பானெட்டுக்குள்ளிருந்து புகை கிளம்பினால் இன்ஜினை அணைத்துவிட்டு விலகி நின்று 995ஐ அழையுங்கள். பானெட்டைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். காற்றுப் புகுந்தால் தீ பெருகும்.

இன்னொன்று. அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. நின்றிருக்கும் வாகனத்தின் இன்ஜினைத் தேவையின்றி ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். அதனால் பெரிய பயனும் இல்லை.

முதல் பயணம் ஜோகூருக்கு அல்ல

சாலையில் இறங்குமுன் தாள்களைப் பாருங்கள். மூன்று முதல் பத்து வயது வரையிலான கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை உண்டு. காப்புறுதியும் சோதனையும் இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் 1,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமத்தையும் 12 மாதம் இழக்க நேரலாம். ‘பட்டறைக்குத்தானே போகிறேன்’ என்பது காரணமாகாது.

முதல் ஓட்டம் சில கிலோமீட்டர் போதும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலை பக்கம் போகாதீர்கள். கூட்டத்துக்கு நடுவே பிரேக்கைச் சோதிக்கக்கூடாது. விரைவுச்சாலையும் வேண்டாம். ஆள்நடமாட்டம் குறைந்த காலை நேரத்தில், தொழிற்பேட்டைப் பக்கம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்ததும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலாய்க் கொதித்தால் அதன் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விட்டுவிடுவதும் ஒரு முடிவு

இத்தனையும் செய்யுமுன் ஒரு கணக்குப் போடுங்கள். பேட்டரி, நான்கு டயர், எண்ணெய்கள், பெல்ட், பிரேக் வேலை ஆகியவற்றின் மொத்தச் செலவைப் பட்டறையில் எழுதி வாங்குங்கள். வாகன உரிமைச் சான்றிதழில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம் என்று பாருங்கள். செலவு கூடுதலாகவும் மாதங்கள் குறைவாகவும் இருந்தால் காரைக் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். அப்பாவின் நினைவு காரின் இன்ஜினில் இல்லை. சாவிக்கொத்தையும் ஒரு புகைப்படத்தையும் வைத்துக்கொள்ளலாம்.

வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால், மீண்டும் நீண்ட நாள் நிறுத்தும்போது நான்கு வேலை செய்யுங்கள். எண்ணெயை மாற்றுங்கள். பேட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றுங்கள். டயரில் காற்றைச் சரியாக நிரப்புங்கள். சமதளத்தில் கை பிரேக் போடாமல், கியரில் நிறுத்திச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டச் சொன்னால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவைப்படாது.

புதிய காருக்குப் பூசை போடும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். பல ஆண்டுகள் கழித்து எழுப்பும் காருக்கும் தாராளமாக வைக்கலாம். பழத்தை வைக்கக் குனியும்போது, அந்த டயரில் எழுதியிருக்கும் கடைசி நான்கு எண்களையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.